ஊராத் தேரும் ஓர் இரயில் பெட்டியும்

தொண்டை நாட்டு மன்னன் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், மருதநிலத்து மனைகளைக் கூறுமிடத்தில் ஒரு சிறுதேர் வருகிறது. அரசர் ஏறிச் செலுத்தும் தேரன்று அது. குழந்தைகள் கையால் உருட்டும் தேர். ஊர்ந்து செல்ல ஆகாத தேர் என்றே புலவர் அதனைக் குறிக்கிறார். அதற்கு அவர் தரும் அடைமொழி இன்னும் கருதத்தக்கது. தச்சரின் பிள்ளைகளும் விரும்பும்படி அது புனையப்பட்டிருந்ததாம். தேர் செய்யும் வீட்டிலே பிறந்து, உளியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைகளை ஏமாற்றுதல் எளிதன்று. அச்சு எங்கே, ஆரக்கால் எங்கே, குடம் எங்கே என்பதெல்லாம் அவர்கள் அறிவார்கள். அவர்களும் கைநீட்டிக் கேட்கும்படி ஒன்று அமைந்தது என்றால், அது வெறும் மரத்துண்டில் நான்கு வட்டங்களைத் தைத்ததாக இருந்திருக்க முடியாது.

அந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையையும் பாடினார். அங்கும் ஒரு சிறுதேர் உண்டு. மூன்று உருளைகள் கொண்டது, குதிரை பூட்டப்படாதது, சிறுவர் உருட்டி வருவது. கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணி அதன் வழியில் கிடந்து தடுக்கும் என்று காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் பேசப்படுகிறது. இப்புலவருக்குச் சிறுதேர்மீது தனிக் காதல் இருந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவதுண்டு. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிறுதேர்ப் பருவமும் ஒன்றாயிற்று. நம் இசுலாமியப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியபோது அவ்வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டதை மாணாக்கர் அறிவர்.

இவ்வளவையும் ஆண்டுதோறும் வகுப்பறையில் எடுத்துரைக்கும் நாம், அத்தகைய சிறுதேர் ஒன்று நம் துறையின் வாயிலுக்கு வந்தபோது அதனை உள்ளே விடவில்லை. அதனைக் கூறுதற்காகவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஓலைச்சுவடிகள், அரபுத்தமிழ் நூல்கள், சீறாப்புராணத்தின் பழம்பதிப்புகள் ஆகியன மேசைகளின்மேல் வைக்கப்பட்டிருந்தன. இளங்கலை இரண்டாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவர், துண்டில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து அவிழ்த்தார். மீட்டர் பாதையில் ஓடிய பழைய பயணிகள் பெட்டியின் மாதிரி. ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைந்த நீளம். செந்நிறம் பூசி, மஞ்சள் எழுத்துகள் தீட்டப்பட்டிருந்தது.

"ஐயா, இதையும் வைக்கலாமா?" என்றார்.

"இதற்கும் தமிழுக்கும் என்ன தம்பி தொடர்பு? இயற்பியல் துறையில் கேட்டுப் பார்" என்று கூறியவர் வேறெவருமல்லர், நாமேதான். அவர் மறுமொழி கூறவில்லை. பெட்டியைச் சாளரத் திட்டில் வைத்துவிட்டு, சுவடிகளுக்கு விளக்கம் சொல்லும் பணிக்குச் சென்றுவிட்டார்.

மாலையில் நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்காட்சிக்கு வந்தார். வாணிகத்தின் பொருட்டு இளமையில் பலகாலும் எழும்பூரிலிருந்து தெற்கே இரயிலில் சென்று வந்தவர். சுவடிகளை மரியாதைக்குப் பார்த்தார். சாளரத்திட்டின் அருகே வந்ததும் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுண்டுவிரலால் பெட்டியின் கதவைத் தள்ளினார். அது உட்புறமாகத் திறந்தது. "உள்பக்கம்தான் திறக்கும், சரியாகச் செய்திருக்கிறான் பிள்ளை" என்றார். பின்பு குனிந்து உள்ளே நோக்கி, மரப்பலகை இருக்கைகளை எண்ணத் தொடங்கினார். பெரும்பாணாற்றுப்படையின் தச்சப் பிள்ளைகளை அன்று நாம் நேரிற் கண்டோம்; ஆனால் அப்பொழுது அது நமக்கு விளங்கவில்லை.

அந்த மாணவர் அதனை எங்ஙனம் செய்தார் என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தோம். மாதிரி இரயில்கள் மேனாடுகளில் பெட்டியில் அடைத்த உறுப்புகளாகவே விற்கப்படுகின்றன. ஒட்டி வண்ணம் பூசினால் போதும். அவ்வாறு அல்லாமல், தாளும் தகடும் கம்பியும் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் தாமே அளந்து வெட்டிச் செய்வதை அந்நாட்டார் 'ஸ்க்ராட்ச்' முறை என்பர். அடியிலிருந்து கட்டுதல் என்று நாம் சொல்லலாம். நம் நாட்டவர்க்கு இம்முறை பெரும்பாலும் விருப்பத்தால் வருவதன்று, வேறு வழியின்மையால் வருவது. உலகெங்கும் மிகுதியாக விற்கப்படும் மாதிரிகள் 87இல் ஒரு பங்கு அளவின. அவற்றுக்கான தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர்ப் பாதைக்கு அது மிகச் சரியாகப் பொருந்தும். நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். ஆகவே கடையில் வாங்கிய தண்டவாளத்தின்மேல் நம் பெட்டியை ஏற்றினால், ஒல்லியான கால்களின்மேல் பருத்த உடலை நிறுத்தியது போலத் தோன்றும். மீட்டர் பாதைக்கோ 11.5 மில்லிமீட்டர் வேண்டும். பிறர் அளவுக்குச் செய்த சட்டையில் நம் உடலைப் புகுத்தும் இத்தொல்லை இலக்கணத்திலும் திறனாய்விலும் நாம் பட்டறிந்ததுதான், அது நிற்க.

நம் மாணவர் 50இல் ஒரு பங்கு என்னும் அளவைத் தெரிந்துகொண்டார். ஒரு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர் ஆகும், கணக்கு எளிது, பாதையின் அகலம் முழுதாக 20 மில்லிமீட்டர். ஒரு நிலையத்தின் ஓரத்தில், ஓடாமல் துருவேறி நின்ற பெட்டியொன்றை அவர் உரிய இசைவு பெற்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்திருக்கிறார். எட்டாத உயரங்களை எங்ஙனம் அளந்தாய் என்று வினவினோம். அளவு குறித்த ஒரு மூங்கிற்கழியைப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்து ஒளிப்படம் எடுத்து, படத்தில் கழியின் கோடுகளைக் கொண்டு மற்றவற்றைக் கணித்ததாகக் கூறினார். பின்பு வரைபடம். பக்கச் சுவர்கள் கெட்டி அட்டையில் வெட்டப்பட்டன. சுவரின் வெளிவிளிம்பை வெட்டுமுன் சன்னல்களை வெட்டிவிட வேண்டுமாம். மாறிச் செய்தால் மெல்லிய சட்டங்கள் முறிந்துவிடும். ஆணித்தலைகளுக்காக அட்டையின் பின்புறத்தில் மழுங்கிய ஊசியால் ஒவ்வொன்றாக அழுத்த, முன்புறத்தில் சிறு புடைப்புகள் எழுந்தன. ஒரு வரிசை கோணினால் முழுச் சுவரும் வீண். மூன்று சுவர்கள் அவ்வாறு வீணாயினவாம். கூரை அட்டையைச் சற்று ஈரமாக்கி வளைத்து, குறுக்குச் சட்டங்களின்மேல் ஒட்டிக் காயவிட்டார். சாய்ந்த பலகைகள் அடுக்கிய சன்னற்கதவுகளுக்கு மட்டும் இரண்டு மாதங்கள் சென்றன.

எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறுக்கிவிட முடியாது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம். 2 மில்லிமீட்டர்த் தகட்டை 50இல் ஒன்றாக்கினால் 0.04 மில்லிமீட்டர், அது நிற்காது. எனவே கண்ணுக்குப் புலனாகும் விளிம்புகளை மெலிவாக்கி, மறைவிடங்களில் கனத்தை அப்படியே விட்டிருக்கிறார். எதனை அப்படியே கொள்வது, எதனைத் தோற்றத்தால் நிறைவு செய்வது என்னும் இத்தேர்வு மொழிபெயர்ப்பாளன் நாடோறும் செய்வதே.

சக்கரங்களை அவரால் செய்ய இயலவில்லை. செங்கற்பட்டில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினார். இங்குத்தான் நம் கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது.

அச்சக்கரங்களை அவர் முதலில் மாட்டுவண்டிச் சக்கரம் போலவே பொருத்தினார். அச்சு அசையாமல் நிற்கும். சக்கரம் அதன்மேல் தனியே சுழலும். கழன்று போகாதபடி முனையில் ஒரு சிற்றாணி. நேர்ப்பாதையில் ஓடிய பெட்டி, வளைவில் மீண்டும் மீண்டும் தடம் புரண்டது. பட்டறைக்காரர் நகைத்துவிட்டு, "இரயில் சக்கரம் அப்படியில்லை தம்பி, அச்சும் சக்கரமும் ஒன்றாய் இறுகியிருக்கும், இரண்டும் சேர்ந்தே சுற்றும்" என்றாராம். அதுவுமன்றிச் சக்கரத்தின் பரப்பு தட்டையானதன்று. உள்விளிம்பின் பக்கம் சற்றுப் பருத்து வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். வளைவில் வண்டி வெளிப்புறமாக ஒதுங்கும்போது, வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியாலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியாலும் உருள்கின்றன. ஒரே சுற்றில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவைக் கடக்கிறது. இணை தானே திரும்பிக்கொள்கிறது. உள்விளிம்பு பெரும்பாலும் காவலாக நிற்பதே. திருப்பும் பணியைச் செய்வது அச்சரிவு. தச்சன் இறுக்கிய ஒரு சரிவுதான் கோடிக்கணக்கானோரை ஊர் சேர்க்கிறது என்பதை நாம் நாற்பது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் ஒரு மாணவரின் வாயிலாக, அறிந்தோம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் தயங்கித் தயங்கி மற்றொன்றைக் கேட்டார். "ஐயா, உருவம் கண்டு இகழக் கூடாது என்னும் குறளில் வருகிற அச்சாணி எது? வகுப்பில் நீங்கள் அச்சு என்று சொன்னீர்கள். அச்சு சிறியது இல்லையே?"

நாம் பதினெட்டு ஆண்டுகளாக அக்குறளை நடத்தி வருகிறோம். கரும்பலகையில் இரண்டு வட்டங்களை வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்து, இதுவே அச்சாணி என்று கூறி வந்திருக்கிறோம். பரிமேலழகர் உரையை அன்றிரவு மீண்டும் எடுத்தோம். உருளையைக் கோத்த மரம் அச்சு; உருளை கழலாதபடி அதன் கடைப்பகுதியில் செருகுவது ஆணி என்று அவர் இரண்டையும் ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்துக் கூறியிருக்கிறார். அதனை நாம் படித்திருந்தோம், மனப்பாடமாகவும் சொல்வோம். ஆயினும் ஒரு வண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததில்லை. அச்சு தேரில் மிகப் பெரிய மரங்களுள் ஒன்று. அதனைச் சிறியது என்று எவன் இகழ்வான்? விரலளவு ஆணியை இகழ்வான். குறளின் நயமெல்லாம் அந்த விரலளவில் இருக்கிறது. நாம் வரைந்த கோட்டினால் பதினெட்டு ஆண்டு மாணாக்கர்க்கு அந்நயத்தை இல்லாமற் செய்துவிட்டோம். இரயிலின் அச்சில் அச்சாணியே இல்லை என்பதைக் கையால் செய்து கண்டவர்க்கே, அச்சாணி எது என்பதும் தெரிந்தது.

அவ்வாண்டுக் கல்விச் சுற்றுலா மாமல்லபுரத்திற்கு அமைந்தது. அவ்வூருக்கு இரயில் இல்லை. 30 கிலோமீட்டர் அளவில் உள்ள செங்கற்பட்டே அண்மைச் சந்திப்பு. கொளவாய் ஏரிக்கரையை ஒட்டித் தெற்கேயிருந்து வரும் வண்டிகள் கடற்கரையைத் திரும்பிப் பாராமல் சென்னைக்குப் போய்விடுகின்றன. ஆனால் இரயில் பெட்டியின் மாதிரியைப் பற்றிச் சிந்திப்பதற்கு அவ்வூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துக் கூறும் ஆய்வாளரும் உளர் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

ஐந்து இரதங்கள் என்று அழைக்கப்படும் ஒற்றைக்கல் கோயில்களின் முன் மாணாக்கரை நிறுத்தி, பல்லவர் காலம் பற்றி உரையாற்றத் தொடங்கினோம். கி.பி. 7ஆம் நூற்றாண்டு, மாமல்லன் நரசிம்மவர்மன், இராசசிம்மனே செய்வித்தான் என்னும் மாற்றுக்கொள்கை, 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது ஆகிய வழக்கமான செய்திகள். நம் மாணவரோ வீம இரதத்தின் பக்கவாட்டில் சென்று நின்று, அதன் நீண்ட வளைந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தேர் என்கிறார்கள். உருளையே இல்லையே?"

உண்மைதான். அவை தேர்களல்ல; தேர் என்னும் பெயரும் பாண்டவர் பெயர்களும் பின்னாளில் மக்கள் இட்டவை. அவை கட்டடங்களின் உருவங்கள். திரௌபதி இரதம் எனப்படுவது கூரை வேய்ந்த ஒரு சிறு குடில்; அதன் நான்கு சரிவுகளும் வேய்ந்த கூரையின் மென்மையோடு கல்லில் வளைந்து இறங்குகின்றன. வீம இரதத்தின் மேற்கூரை, வளைத்த சட்டங்களின்மேல் எழுப்பிய நீள்கூரையின் உருவம். கல்லுக்கு உத்தரம் தேவையில்லை, சட்டம் தேவையில்லை, நீர் வடியச் சரிவும் அவ்வளவு தேவையில்லை. ஆயினும் சிற்பி மரவேலையில் தான் கண்டதையெல்லாம் பாறையில் பின்பற்றியிருக்கிறான். அடிப்பகுதிகள் முடிக்கப்படாமல் நிற்பதனால், மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தனர் என்பதும் தெரிகிறது. கீழிருந்து கட்டுவதை மேலிருந்து குடைந்து காட்டியவர்கள், முழு உருவத்தையும் முன்னரே அளவோடு மனத்தில் கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து மரக்கோயில் ஒன்றேனும் இன்று தமிழகத்தில் எஞ்சி நிற்கவில்லை. ஓலையும் மரமும் மண்ணோடு போயின. அவை எப்படி இருந்தன என்று இன்று உலகம் அறிவதற்கு அந்த மாதிரிகள் பெருந்துணையாகின்றன. மூலம் அழிந்தது, படி நின்றது. ஏடு அழிந்து படி நிற்கும் தமிழ் நூல்களைக் கொண்டு வாழும் நாம், இதனைப் புரிந்துகொள்ள ஒரு மாணவரின் துணை வேண்டியிருந்தது என்பது நாணத்தக்கதே.

மீட்டர் பாதைப் பெட்டிகளுக்கும் இதே நிலை வந்துவிட்டது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்வண்டி ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதையில் மின்வண்டி ஓடிய சிறப்பு அப்பகுதிக்கு உண்டு. 2004ஆம் ஆண்டோடு அந்த மீட்டர் பாதைச் சேவை முடிந்தது. செங்கற்பட்டின் வழியே தெற்கே சென்ற நெடும்பாதையும் அதற்குமுன் அகலப்பாதையாகிவிட்டது. இன்று தமிழகத்தில் மீட்டர் பாதை வண்டியைக் காண வேண்டுமாயின் நீலகிரி மலைக்குத்தான் செல்ல வேண்டும். அகலப்பாதையிலும் மாற்றம் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. பெரம்பூர் இணைப்புப்பெட்டித் தொழிலகம் 1955இல் சுவிட்சர்லாந்து நிறுவனமொன்றின் கூட்டுறவோடு தொடங்கிச் செய்துவந்த பழைய வகைப் பெட்டியின் உற்பத்தி, 2018இல் அங்கு முடிவுற்றது. 21.337 மீட்டர் நீளமுள்ள அப்பெட்டியில்தான் நம்முள் பலர் தேர்வுக்கும் திருமணத்துக்கும் சென்று வந்தோம். 87இல் ஒரு பங்காகச் செய்தால் 24.5 சென்டிமீட்டர்; மேசை இழுப்பறைக்குள் அடங்கிவிடும். ஒளிப்படங்கள் ஆயிரம் இருக்கின்றனவே என்பர். ஒளிப்படம் முகத்தைக் காட்டும். அடிச்சட்டத்தையோ, கதவு எப்பக்கம் திறக்கும் என்பதையோ காட்டாது.

செய்து காண்பதே அறிவு என்பதற்கு இசுலாமிய நாகரிகத்திலேயே ஒப்பற்ற சான்று உண்டு. தியார்பக்கிர் நகரில் அர்துகித் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206இல் நுண்பொறிகளைப் பற்றிய தம் பெருநூலை நிறைவு செய்தார். நீர்க்கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள் முதலிய ஐம்பது அமைப்புகள் அதில் விளக்கப்பட்டுள்ளன. அவர் கைவினைஞர், தாமே செய்தவற்றை எழுதினார். செய்து பாராமல் சொல்லப்படும் பொறியறிவு மெய்யென்றும் பொய்யென்றும் துணிய முடியாத இடத்தில் நிற்கும் என்பது அவர் கருத்து. டொனால்டு ஹில் என்னும் அறிஞர் 1974இல் அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1976இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் மீண்டும் செய்து இயக்கப்பட்டது. 770 ஆண்டுகளுக்குப் பின் வேற்றுநாட்டார் படித்துச் செய்யும் அளவுக்குத் தெளிவான உரைநடை அது. தமிழ்த்துறையில் உரைநடை வரலாறு கற்பிக்கும் நாம், இத்தகைய தெளிவை ஓர் இலக்கியப் பண்பாக எண்ணிப் பார்த்ததுண்டா?

இரயிலின் தோற்றமும் ஒரு மாதிரியோடு தொடர்புடையதே. இங்கிலாந்தில் வில்லியம் முர்டாக் என்பார் 1784இல் நீராவியால் தானே ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்தார். அதற்கு மூன்று சக்கரங்கள், குதிரை இல்லை. பட்டினப்பாலைச் சிறுவரின் தேரை நினைத்துக்கொள்க. பின்னர் ரிச்சர்ட் டிரெவிதிக்கும் சிறு மாதிரிகளைச் செய்து பார்த்த பிறகே, 1804இல் தண்டவாளத்தின்மேல் நீராவி எந்திரத்தை ஓடச் செய்தார்.

நம் பெரியவர்களுள் சிலர்க்கு உருவம் செய்தல் பற்றிய தயக்கம் இருக்கக்கூடும். வண்டி உயிருள்ள பொருளன்று என்பதால் அத்தயக்கத்திற்கு இங்கு இடமில்லை என்றே கருதுகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கிடையே சிறகுள்ள குதிரையொன்றைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள் என்னும் அபூதாவூத் தொகுப்பின் செய்தியையும் அவர்கள் அறிவார்கள். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதும், கவச வளையங்களை அளவறிந்து இணைக்குமாறு பணிக்கப்பட்டதும் திருக்குர்ஆனின் சபா அத்தியாயத்தில் வருகின்றன. வளையங்களின் அளவு இறைவாக்கில் இடம்பெறும் அளவுக்குப் பெருமை உடையது கைத்தொழில்.

மெய்யான தடை வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரிப் பட்டம் பெற்றவன் கையில் அழுக்குப் படக்கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமற் சொல்லி வளர்த்திருக்கிறோம். பத்தமடையில் கோரையைப் பட்டுப்போலக் கிழித்துப் பாய் நெய்த கைகள் நம் சமுதாயத்துக் கைகள்தாம். கீழைக் கடற்கரையில் மரக்கலம் செலுத்தியவர்களும் நம்மவரே. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் தமிழ்த்துறைக்கு வந்து, தொழிற்பெயருக்கு எடுத்துக்காட்டு எழுதுகின்றனர். தொழிலின் பெயர்களை அறியார். கணிப்பொறியில் வரைந்து முப்பரிமாண அச்சு எந்திரத்தில் அடித்துவிடலாமே என்று இன்றைய மாணாக்கர் வினவுவர். தாராளமாக அடிக்கலாம். ஆயினும் எந்திரத்துக்குக் கொடுக்கும் அளவை எவராவது வெயிலில் நின்று அளந்துதான் வரவேண்டும்.

அம்மாணவர் அளந்துவந்த சுவடியில் அளவுகளோடு சொற்களும் இருந்தன. அவருடைய தாத்தா இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதிரியைக் கையில் வாங்கி, அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, "டைனமோ இருக்கு, வார் எங்கே?" என்றாராம். பெட்டியின் விளக்குகளுக்கு மின்சாரம் அச்சிலிருந்து ஒரு வாரின் வழியாகத்தான் டைனமோவுக்குச் சென்றது. வார் அறுந்தால் பெட்டி சிறிது நேரத்தில் இருளும். பேரன் பழைய மிதிவண்டி டியூபிலிருந்து மெல்லிய கீற்று வெட்டிப் பூட்டினார். அச்சமயத்தில் தாத்தா சொன்ன சொற்களை அவர் எழுதிக்கொண்டார். பாதி ஆங்கிலத்தின் சிதைவு. பாதி தச்சரும் கொல்லரும் வழங்கிய தமிழ். இரண்டும் கலந்து பிறந்த சில சொற்கள் எந்த அகராதியிலும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆட்சிச் சொல்லகராதிகள் அலுவலகத்தில் ஆக்கப்பட்ட சொற்களைத் தருகின்றன. பணிமனையில் மூன்று தலைமுறை வாழ்ந்த சொற்களைத் தொகுப்பது யாருடைய பணி? அது தமிழ்த்துறையின் பணி இல்லையென்றால், தமிழ்த்துறைக்கு வேறு என்ன பணி என்று நமக்குத் தெரியவில்லை.

எனவே துறையின் முன் ஒரு வேண்டுகோளை வைத்துள்ளோம். இறுதியாண்டு மாணாக்கர் எழுதும் திட்டக் கட்டுரைகளுள் சிலவற்றையேனும் இவ்வகையில் அமைக்கலாம். ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு அளந்து வரைந்து, இயன்றால் செய்து, அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் அத்தொழிலாளர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதித் தருவது. இரயில் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. கோவளத்துக் கடற்கரையில் கட்டுமரத்தின் வழிவந்த மீன்பிடி படகாக இருக்கலாம், மாட்டுவண்டியாக இருக்கலாம், தேராகவும் இருக்கலாம். இரயிலை விரும்புவோர் பெரம்பூரில் 2002இல் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளை நேரிற் கண்டு தொடங்கலாம். இதற்கு மதிப்பெண் வழங்குவது எங்ஙனம் என்று துறைக் கூட்டத்தில் வினா எழுந்தது. அத்தொழிலை அறிந்த ஒருவரைப் புறத்தேர்வாளராக அழைப்போம் என்றோம். பணிமனைத் தொழிலாளி ஒருவர் முதுகலைத் தமிழாசிரியர்களோடு அமர்ந்து மதிப்பெண் இடுவதா என்று நண்பர் ஒருவர் நகைத்தார். தச்சப் பிள்ளைகளைத் தேர்வாளராக வைத்தவர் நம் சங்கப் புலவர் என்று விடையிறுத்தோம். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை.

அந்த மாணவர் பட்டம் பெற்று வெளியூரில் பணியில் இருக்கிறார். அவருடைய தாத்தா காலமாகிவிட்டார். போகும்போது பெட்டியைத் துறைக்கே கொடுத்துச் சென்றார். இப்பொழுது அது பரிமேலழகர் உரைப் பதிப்புகள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சென்ற திங்களில் தூசு தட்டும்போது டைனமோவின் வார் இற்று விழுந்திருப்பதைக் கண்டோம். புதிய வாரை எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் வெட்ட வேண்டும் என்று அவருக்கு மடல் எழுதிக் கேட்டிருக்கிறோம்.